போட்டுப் பார்க்கிற அக்கா

"அந்தப் பக்கம் போனால் குறி மாறிவிடும்" என்ற வாக்கியம் இப்போதெல்லாம் என் வாயில் வருவதேயில்லை. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒருபடிச் சமன்பாடு வந்தால் மற்ற வாத்தியார்கள் அரை நிமிடத்தில் தாண்டிப்போகிற இடத்தில் நான் மட்டும் நின்றுவிடுவேன். இரண்டு பக்கமும் ஐந்தைக் கழி, இரண்டு பக்கமும் மூன்றால் வகு என்று நீட்டி முழக்குவேன். போர்ஷன் முடியவில்லை என்று எச்.எம். திட்டுவார். திட்டட்டும். இதற்கெல்லாம் காரணம் ஓர் அக்கா. அவர் பெயரை எழுதினால், "என்னைப் பத்தி நீங்க எழுதுனா, உங்களப் பத்தி நானும் எழுதுவேன்" என்று கிளம்பிவிடுவார். கிளம்பக்கூடிய ஆள்தான். அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. திண்டிவனத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் டுடோரியல் ஒன்று நடந்தது. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அதில் கணக்கு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் போய்ப் பார்த்தால், உட்கார்ந்திருந்ததில் பாதிப்பேர் என்னைவிட வயதில் பெரியவர்கள். கடைசி பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்று. எங்கள் ஊர் அங்கன்வாடியில் அப்போது உதவியாளராக இருந்த அக்கா.

எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் அங்கன்வாடி. நாங்கள் ஊர்ப்பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அக்கா காலனி. ஊர்ப்பக்கத்தில் பிறந்தவன் காலனிக்காரர்களை, வயதில் எவ்வளவு மூத்தவர்களானாலும், வா போ என்றுதான் கூப்பிடுவான். யாரும் சொல்லித்தர வேண்டாம், தாய்ப்பாலோடு வந்துவிடும். நானும் அதே பழக்கத்தில் போர்டில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, "நீ வா, வந்து போடு" என்றேன்.

அக்கா எழுந்து நிதானமாக வந்தார். "வந்துட்டேன். சாக்பீஸக் குடு" என்று கையை நீட்டினார்.

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கோபத்தோடு கொடுத்தேன். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. அடுத்த வாரம் வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "வாங்கக்கா, வந்து போடுங்க" என்றேன். "வர்றேங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு கடைசிவரை நான் சார்தான், வாங்க போங்கதான். நான் வைத்த அளவுதான் அவர் வைத்த அளவும். ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த இரண்டாவது வாரம் அவர் போட்ட கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று x கூட்டல் ஐந்து சமம் இருபது. "இந்த அஞ்ச அந்தப் பக்கம் கொண்டு போங்க. அந்தப் பக்கம் போனா பிளஸ்ஸு மைனஸ் ஆயிடும்" என்றேன். எனக்கு என் வாத்தியார் சொன்னது, அவருக்கு அவர் வாத்தியார் சொன்னது.

"எதுக்கு ஆவணும்?" என்றார் அக்கா.

"ரூல் அப்படித்தான்."

"ஒரு ஆளு இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவுக்குப் போனா வேற ஆளாயிடுவானா? அவன் அவன்தான?"

இது ஏதடா வம்பு என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் போர்டில் ஒரு தராசு வரைந்தேன். இந்தத் தட்டில் ஐந்தை எடுத்தால் தராசு சாயும், சாயாமல் இருக்க அந்தத் தட்டிலும் ஐந்தை எடுக்க வேண்டும் என்றேன். அக்கா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப எதுவும் எங்கியும் போவல. ரெண்டு பக்கமும் எடுத்துட்டோம், அவ்ளோதான. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார். சாக்பீஸை வாங்கி, இந்தப் பக்கம் ஐந்தைக் கழித்தார், அந்தப் பக்கம் ஐந்தைக் கழித்தார். இந்தப் பக்கத்தை மூன்றால் வகுத்தார், அந்தப் பக்கத்தையும் வகுத்தார். x சமம் ஐந்து என்று வந்தது. நான் சரி என்று டிக் அடிக்கப் போனேன். "இருங்க சார், போட்டுப் பாக்கறேன்" என்று x இருந்த இடத்தில் ஐந்தைப் போட்டு, மூவைந்து பதினைந்தும் ஐந்தும் இருபது என்று வாய்விட்டுக் கூட்டி, "சரியா வருது" என்று சொன்ன பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த அக்காவிடம் குறுக்குவழி பேச முடியவில்லை. எந்தக் கணக்கானாலும் இரண்டு பக்கமும் செய்வார், கடைசியில் போட்டுப் பார்ப்பார். வயதுக் கணக்கில் எல்லாரும் ஒரு தப்புச் செய்வார்கள். அம்மா வயது மகள் வயதைப்போல் நான்கு மடங்கு, ஐந்து வருடம் கழித்து மூன்று மடங்கு என்று வரும். ஐந்தை அம்மாவுக்கு மட்டும் கூட்டிவிட்டு மகளை விட்டுவிடுவார்கள். அக்கா ஒருநாளும் விட்டதில்லை. "அம்மாக்காரிக்கு வயசு ஏறுனா பொண்ணுக்கு ஏறாதா, அது மட்டும் ஐஸ் பொட்டியிலயா இருக்கும்?" என்பார். விடை வந்ததும், "அம்மாக்கு நாப்பது, பொண்ணுக்குப் பத்து. முப்பது வயசுல பெத்துருக்கா. வெவரமானவ" என்று ஒரு சான்றிதழும் கொடுப்பார். அவருக்குப் பதினெட்டிலேயே கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

இந்தக் குணம் கணக்கோடு நிற்கவில்லை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு இரண்டு பெண்கள். சின்னவள் தலையில் ஒருமுறை பேன் அப்பிவிட்டது. வாரிப் பார்த்து, மருந்து போட்டுப் பார்த்து, வெறுத்துப்போய் மயிலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்துவிட்டார். சின்னவளுக்கு மட்டும் அல்ல, பெரியவளுக்கும். பெரியவள் ஒன்பதாவது படிக்கிற பெண், இடுப்புவரை முடி, ஒரு பேன் கிடையாது. "ஒருத்தி மொட்டையோட பள்ளிக்கூடம் போயி, ஒருத்தி பின்னிக்கினு போனா சின்னது மனசு இன்னா ஆவும்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். பெரியவள் மனது என்ன ஆகும் என்று நான் கேட்டேன். யோசித்தார். "அது கஷ்டந்தான்" என்றார். பெரியவள் அம்மாவோடு வெகுநாள் பேசவில்லை. எனக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அக்காவின் நியாயத்தில் அந்த மாதிரி ஒரு பேஜாரும் உண்டு, மறைப்பானேன்.

ஆனால் முட்டை விஷயத்தில் அவர் கால் தூசுக்கு நாங்கள் வரமாட்டோம். எங்கள் ஊர் அங்கன்வாடியில் அக்காதான் சமைப்பார். டீச்சர் ஊர்ப்பக்கத்து அம்மா. ஊர்ப்பக்கத்துத் தாய்மார்கள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். சோற்று நேரத்துக்குக் கரெக்டாக வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போகும்போது முட்டையை மட்டும் வாங்கிக்கொள்வார்கள், உரிக்காமல். ஓடு இருக்கிறதல்லவா, அக்காவின் கை உள்ளே படாது. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. காலனிப் பிள்ளைகளுக்கு அக்கா உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் உரிப்பதை நிறுத்திவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டோடு முட்டை. வேண்டுமானால் நீயே உரித்துச் சாப்பிடு. மூன்று வயதுப் பிள்ளைகள் முட்டையைத் தரையில் தட்டி, நெற்றியில் தட்டி, பக்கத்துப் பிள்ளை நெற்றியில் தட்டி உரிக்க ஆரம்பித்தன. அது பெரிய விளையாட்டாகிவிட்டது. கூட்டிப்போக வந்த தாய்மார்களிடம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள், வரமாட்டேன், நானும் இங்கேதான் உரிப்பேன் என்று கைகாலை உதைத்துக்கொண்டு அழுதன. இரண்டொரு தாய்மார்கள் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போனார்கள். முட்டை தின்ற பிள்ளை பக்கத்துத் தட்டைப் பார்த்துச் சோறும் கேட்டது. இடம் பூராவும் ஓடு என்று டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

அந்த டீச்சரம்மா சீக்கிரம் ஓய்வு பெறவிருந்தார். பத்தாவது பாஸாகியிருந்தால் அக்காவையே டீச்சராகப் போடுவார்கள். இல்லையென்றால் வேறு யாராவது வந்துவிடுவார்கள், அக்கா கடைசிவரை அடுப்படிதான். மற்றப் பாடமெல்லாம் முடித்துவிட்டார். கணக்கு மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. சம்பளம் கூடும் என்பதற்காகத்தான் இந்தப் பாடுபடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அப்படியே கேட்டும்விட்டேன்.

"அதுவுந்தான், இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா சார், டீச்சரானா வூடு வூடாப் போவணும். புள்ளத்தாச்சிப் பொம்பளைங்களப் பாக்கணும், கொழந்தைக்கு எடை போடணும். வாசல்ல நிக்க வெச்சே பேசி அனுப்ச்சிடுவாங்களா, உள்ள வான்னு கூப்புடுவாங்களா? அதப் பாக்கணும் சார் எனக்கு."

நான் அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

தேர்வு நெருங்க நெருங்க எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. மாதிரித் தேர்வு வைத்தால் பாதித் தாளோடு நேரம் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் எழுதி, போட்டுப் பார்த்து, சரியா வருது என்று எழுதுவதற்குள் மற்றவர்கள் மூன்று கணக்குப் போட்டுவிடுவார்கள். "ஜல்தியாப் போடுங்கக்கா, பேப்பர் திருத்தறவன் உங்க நியாயத்தையா பாக்கப்போறான்?" என்று கத்தினேன். எனக்காக ஒரு வாரம் குறுக்குவழியில் போட்டுப் பார்த்தார். அவ்வளவும் தப்பு. ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய் அப்படியே பிளஸ்ஸாகவே வைத்திருந்தார். "மனசு வரல சார்" என்றார். சரி, கழுதை, வரைபடமும் வடிவியலும் ஒழுங்காகப் போட்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம், மிச்சத்தை உங்கள் இஷ்டப்படி நிதானமாகப் போடுங்கள் என்று நான்தான் இறங்கிவந்தேன்.

வரைபடம் சொல்லிக்கொடுக்க ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மட்டும் போதாது என்று தோன்றியது. நான் காலனிக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். தண்ணீர் டேங்குக்குப் பின்னால், வாசலில் முருங்கை நிற்கிற வீடு. மொட்டைத் தலையில் முள்ளுமுள்ளாக முடி வளர்ந்த இரண்டு பெண்களும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அக்கா டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். அடுத்த வீட்டில் குடித்தால் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு என்னவோ நான் வாய் வைத்துக் குடித்தேன். குடித்துவிட்டு, பெரிய புரட்சி செய்துவிட்டவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஆயிடுச்சு சார்" என்றார். வரைபடத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, அடுத்த புள்ளியைக் குறிக்கச் சொன்னேன்.

தேர்வு மையத்தை விழுப்புரத்தில் போட்டுவிட்டார்கள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, நானும் கூடப் போனேன். திண்டிவனத்தில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் என்னை உட்காரச் சொன்னார். கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும், "பாதி வழி வந்துடுச்சு, எழுந்திருங்க சார்" என்று என்னை எழுப்பிவிட்டு அவர் ஜன்னலுக்குப் போனார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தனை பயத்திலும் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தார். கொடுத்துவைத்த மகராசி என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று போனில் பார்த்துவிட்டு நானே அங்கன்வாடிக்கு ஓடினேன். சோறு வடித்துக்கொண்டிருந்தார். "முப்பத்தஞ்சுக்கா" என்றேன், மூச்சு வாங்க. கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்தார். "பாஸு மார்க்கு எவ்ளோ சார்?" என்றார். முப்பத்தைந்து என்றேன். "ரெண்டு பக்கமும் சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

டீச்சரம்மா ஓய்வு பெற்று, அக்காவுக்கு ஆர்டர் கைக்கு வந்த அடுத்த நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முதல் வீடு எங்கள் வீடு. அம்மா வாசலில் இருந்தாள். "டீச்சர் ஆயிட்டேம்மா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் உள்ளேயிருந்து, "உள்ள வாங்கக்கா" என்றேன். அம்மா வழியைவிட்டு நகர்ந்து நின்றாள். அக்கா செருப்பை விட்டுவிட்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா மோட்டார் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மா டீ கொண்டுவந்தாள். எனக்கு டம்ளரில், அக்காவுக்குப் பேப்பர் கப்பில். மல்லாட்டை பிடுங்க வருகிறவர்களுக்காக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேல் ஒரு கட்டு பேப்பர் கப் எப்போதும் இருக்கும். கழுவுகிற வேலை மிச்சம் என்பாள் அம்மா. எங்கள் பாட்டன் காலத்தில் இந்த வேலைக்குத் தேங்காய்ச் சிரட்டை இருந்ததாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அக்கா கப்பைத் தொடவில்லை. முகமும் மாறவில்லை. போர்டுக்கு முன்னால் நிற்கிற அதே நிதானம்.

"அம்மா, சாருக்கு டம்ளர்ல குடுத்திருக்கீங்க, எனக்கும் டம்ளர்ல குடுங்க. இல்ல, டம்ளர் பத்தலன்னா சாருக்கும் இதுமாதிரி கப்புலயே ஊத்துங்க. எதுன்னாலும் எனக்குச் சரிதான். ரெண்டு பக்கமும் ஒன்னா இருந்தா போதும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வரவேயில்லை. அவ்வளவுதான், இனி வரமாட்டாள், அக்கா எழுந்து போய்விடுவார், அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பேன் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்த மின்காத்தாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா வந்தாள். கையில் டம்ளர், அவள் கல்யாணத்துக்கு வந்தது, அவள் பெயர் வெட்டியது. "ஆறிப் போச்சு, அதான் வேற போட்டேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, வாய் வைத்து, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். "இந்தப் பக்கம் ஆயிடுச்சு" என்று அன்றைக்கு அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டு நான்.

கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதம் விழுப்புரத்தில் வேலை கிடைத்து, அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் அம்மா போன் செய்தாள். மழை, மோட்டார், மாடு எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க அக்கா வந்திருந்தாங்கடா இன்னிக்கு" என்றாள்.

"நான் இல்லாதப்பவா?"

"நீ எப்ப இல்லன்னு கேட்டுக்கினுதான் வந்திருப்பாங்க போல. அப்பாவும் இல்ல. நானும் அவங்களுந்தான் பேசிக்கினு இருந்தோம். டீ போட்டுக் குடுத்தேன்."

எதில் கொடுத்தாய் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டேன்.

"எதுல குடுப்பாங்க, டம்ளர்லதான். குடிச்சிட்டு, சார் போன் பண்ணா சொல்லுங்கம்மா, போட்டுப் பாத்தேன், சரியா வருதுன்னு சொன்னாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல. இன்னாடா போட்டுப் பாத்தாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "டீ நல்லா இருந்துதுன்னு சொல்றாங்கம்மா" என்றேன்.

"அத நேராச் சொல்றதுக்கு இன்னா" என்றாள். பிறகு, "ரெண்டு தபா வந்துட்டாங்க. நாம ஒரு தபாவாவது போவலன்னா நல்லாவா இருக்கும்? அவங்க வூடு எங்கடா இருக்குது?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிறாள் அம்மா. அந்தத் தெருவுக்குள் போனதில்லை.

"அங்கன்வாடியத் தாண்டி நேராப் போம்மா. தண்ணி டேங்க் வரும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். "அதுக்குப் பின்னாடி, வாசல்ல முருங்கை நிக்கற வூடு."